'விளிச்சா' மலையாளமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கட்டுரையில் 'அம்மா வாசலில் நின்று சத்தமாக விளிச்சாள்' என்று எழுதியிருந்தாள். மலையாளச் சொல் என்று ஆசிரியர் அடித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். எது சரி?

பதில்: 'விளி' என்றால் அழை, கூப்பிடு. அது பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் நான்காம் இயலுக்குப் பெயரே விளிமரபு. பள்ளி இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையாக வருகிற 'விளி வேற்றுமை'யும் இதே சொல்தான். மலையாளத்திலும் 'விளிக்குக' உண்டு. அதனாலேயே இரவல் ஆகிவிடாது. இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து அது. உங்கள் வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் குமரிப் பேச்சில் மலையாளத்தோடு ஒத்துப்போகிற சொல் எது வந்தாலும் கலப்பு என்று முடிவுகட்டுகிற பழக்கம் இருக்கிறது. அது நியாயமில்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி, வினையின் வால். மலையாளத்தில் நான், அவன், அவள் யாராக இருந்தாலும் 'விளிச்சு' ஒன்றுதான். நீங்களோ விளிச்சேன், விளிச்சான், விளிச்சா என்று ஆளுக்கேற்ப மாற்றுகிறீர்கள். அது முழுக்கத் தமிழ் வினை. 'ச்ச' வருவதும் புதிதல்ல: படித்தான் படிச்சான் ஆவதைப் போல, இகரத்துக்குப் பின் 'த்த' பேச்சில் 'ச்ச' ஆகிறது.

ஆனால் கட்டுரையில் 'விளிச்சாள்' பேச்சு வடிவம். அதைத் திருத்தியது சரி, சொன்ன காரணம்தான் தவறு. எழுத்து வடிவம் 'விளித்தாள்'. இங்கே ளகரம் தவறினால் பொருளே மாறும்: 'விழித்தாள்' என்றால் கண் திறந்தாள். இன்னொரு பொறியும் உண்டு. 'விளிந்தான்' என்றால் இறந்தான். 'விளியாது நிற்கும் பழி' என்ற குறளில் (145) வருவது இந்த விளி. அழியாமல் நிற்கும் பழி என்பது பொருள். விளித்தான், விளிந்தான் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம்.

இன்றைய எழுத்துத் தமிழில் 'விளித்தார்' என்பது பெரும்பாலும் பெயரோ முறையோ சொல்லி அழைப்பதைக் குறிக்கிறது: "மகனே என விளித்தார்." எனவே மகளின் வாக்கியத்துக்கு 'கூப்பிட்டாள்' இயல்பாகப் பொருந்தும். உரையாடலாக எழுதினால், மேற்கோள் குறிக்குள் "ஒன்ன அம்ம விளிச்சா" என்றே விடலாம், திருத்தத் தேவையில்லை.

சத்தம் போடுகிற மற்றச் சொற்களில்தான் எல்லையில் நிஜமாகவே தடுக்கும். 'கூவு' ஒலிக்குறிப்பில் பிறந்தது. கன்னடத்தில் 'கூகு', தெலுங்கில் 'கூத்த' எல்லாம் இதன் உறவு. மலையாளத்திலும் கோழி கூவும். ஆனால் மேடையில் ஒருவரைப் பார்த்துக் 'கூவி' என்றால் கூச்சலிட்டு அவமதித்தார்கள் என்று பொருள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தில் யாரையாவது தூரத்திலிருந்து அழைத்ததைச் சொல்லும்போது 'கூவினேன்' வேண்டாம், 'விளிச்சு' போதும். 'கத்து' அதைவிடச் சிக்கல். அங்கே 'கத்துக' என்றால் எரிவது, 'கத்து' என்றால் கடிதம். "பையன் கத்துறான்" என்று நீங்கள் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் பதறிப்போவார்.