பனியில் நின்ற காரும் இன்ஜினை அணைத்த கணவரும்

அரையாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குடும்பத்தோடு காரில் இமாசலப் பிரதேசம் சென்று பனிப்புயலில் அகப்பட்டுக்கொண்டவர்கள் எழுதியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதிலை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வருமான வரி பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: சண்டிகர் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் மணாலிக்குப் போனோம். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நாத்தனார் என ஆறு பேர். அடல் சுரங்கத்தைக் கடந்து சிசு என்ற ஊரில் இருந்தபோது மதியம் ஒரு மணிக்குப் பனி விழத் தொடங்கியது. பிள்ளைகளின் குதூகலத்தைக் கெடுக்க மனமில்லாமல் மூன்று மணிக்குத்தான் திரும்பினோம். மணாலிக்குப் போகும் வழியிலுள்ள சோலாங்கிற்கு மேலே வரிசையில் நின்ற கார், இரவு பதினொன்றரை வரை நகரவில்லை. என் கணவர் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டுவார், பிறகு வெகுநேரம் அணைத்துவிடுவார். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் கீழே இறங்கி, முறுக்கு டின்னின் மூடியால் சைலன்சர் குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரிப் போட்டார். போதாததற்கு ஜன்னலையும் இரண்டு விரற்கடை திறந்தே வைத்தார். “குழந்தையைக் குளிரில் வாட்டினான்” என்று நாத்தனார் இன்றுவரை போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் செய்தது சரி?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் கணவர் செய்தது சரி. இந்தப் பக்கத்தைக் கிழித்து நாத்தனாரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் முழுவதும் படித்த பிறகு கொடுங்கள், உங்கள் கணவருக்கும் இதில் ஒரு குட்டு இருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் காரைச் சுற்றிப் பனி உயர உயர, முதலில் அடைபடுவது பின்னால் தாழ்வாக இருக்கும் புகைக்குழாய்தான். வெளியேற வழியில்லாத புகை வண்டியின் அடிப்பகுதியில் தேங்கி, சிறு இடுக்குகள் வழியாக உள்ளே கசிகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதால், உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல், லேசான தலைவலியும் தூக்கமும் மட்டுமே வரும். ஹீட்டரின் கதகதப்பில் கண் சொக்குகிறது என்று நினைத்து அப்படியே சாய்ந்துவிடுவார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகரில் பனியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குளிரோடு இந்த நச்சுப் புகையும் காரணமாகச் சொல்லப்பட்டது. மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டுவது, அதற்கு முன் குழாயைச் சுத்தம் செய்வது, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைச் சற்றே திறந்து வைப்பது ஆகிய மூன்றும், பனி நாடுகளில் வாகன ஓட்டிகளுக்குச் சொல்லித்தரப்படும் முறைகளே. இப்படிச் செய்தால் எரிபொருளும் விடியும் வரை தாங்கும்.

நாத்தனாரின் பதற்றத்தையும் நான் தள்ளிவிடவில்லை. குழந்தை நடுங்கிக்கொண்டிருக்கும் வரை உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் போராடுகிறது என்று பொருள். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, அசதியாகச் சாய்ந்தால்தான் உண்மையான ஆபத்து. அதனால் பிள்ளைகளைப் பின் இருக்கையில் பெரியவர்களுக்கு நடுவே நெருக்கி உட்காரவைத்து, பெட்டியிலிருக்கும் புடவை, வேட்டி, துண்டு என எல்லாவற்றையும் எடுத்து அவர்கள்மேல் போர்த்த வேண்டும். ஏன் அணைக்கிறேன் என்பதை உங்கள் கணவர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது.

குட்டு அதற்கில்லை, மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே போன இரண்டு மணி நேரத்துக்கு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்படுவதற்கு முன், குளிர்காலத்தில் ரோத்தங் கணவாய் பனியால் மூடிவிடும். சிசு இருக்கும் லாஹௌல் பக்கம் போக நினைத்தாலும் சுற்றுலாப் பயணிக்குச் சாலை கிடையாது. இப்போது 9.02 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் காற்றும் பனியும் படாமல் சென்று மறுபக்கம் இறங்கிவிடலாம். ஆனால் சுரங்கத்தின் இரண்டு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கின்றன. வெளியே வந்ததும் தொடங்கும் சரிவுச் சாலைக்குக் கூரை கிடையாது. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சோலாங் பகுதியில் ஏறத்தாழ 1,000 வாகனங்களும் 5,000 பயணிகளும் சிக்கி, காவல்துறையினர் மீட்க வேண்டியிருந்தது. மலையில் டிசம்பர் மாதத்து மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். உருகிய பனி அதன் பிறகு சாலையில் கண்ணாடியாக உறையும். முதல் பனித்துளியைப் பார்த்ததும் படம் எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பியிருந்தால், எட்டு மணிக்கெல்லாம் விடுதியில் ரசம் சாதம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இது முன்கூட்டியே தெரியாத விஷயமும் அல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ எனும் வானிலை அமைப்புகள்தாம் இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருகின்றன. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் நுங்கம்பாக்கத்திலிருந்து வரும் அறிவிப்புக்காக நாம் காத்திருப்பதைப் போலவே, அங்கே சிம்லா வானிலை மையம் அதே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைச் சில நாட்களுக்கு முன்பே வெளியிடுகிறது. ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுகிறார்கள்; அதே நிறத்தை மணாலியில் பார்த்தால் ‘ஆகா, பனி பார்க்கலாம்’ என்று கிளம்புகிறார்கள்!

கேள்வி: சென்னையிலிருந்தே சொந்தக் காரில் மணாலி வரை ஓட்டிச் சென்றேன். பனிப்புயலன்று இரவு வண்டியை விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். காலையில் ரேடியேட்டர் வெடித்திருந்தது. காப்பீட்டுத் தொகை கிடைக்குமா?
— வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன்: இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றினீர்களா? நம் ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், நம் வெயிலில் அதன் விளைவு உடனே தெரிவதும் இல்லை. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. மூடிய உலோகக் குழாய்க்குள் அதற்கு இடம் ஏது?

காப்பீட்டைப் பொறுத்தவரை, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. முழுமையான பாலிசியாக இருந்தால் அதன் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை ஆகியவற்றோடு உறைபனியும் அதில் இடம்பெற்றிருக்கும். ஆனால் இயந்திரப் பழுதும் தேய்மானமும் விலக்கப்பட்டவை; நிறுவனம் ‘இது பராமரிப்புக் குறை’ என்று வாதிடும். 2015 வெள்ளத்தின்போது தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினைப் பாழாக்கியவர்களிடம் ‘வெள்ளத்துக்குப் பணம் உண்டு, சாவியைத் திருகியதற்கு இல்லை’ என்று சொன்னார்கள் அல்லவா, அதே தர்க்கம். ஆகவே பழைய சர்வீஸ் ரசீதுகளில் கூலண்ட் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் சேதத்தைப் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள், மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடமே குறை தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு வரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அவருக்கு அலுவலகம் இருக்கிறது, கட்டணமும் இல்லை.

கேள்வி: சாலை மூடப்பட்டதால் முன்பதிவு செய்த விடுதிக்குப் போய்ச்சேர முடியவில்லை, திரும்பும் விமானத்தையும் தவறவிட்டோம். இரண்டு தரப்பும் பணத்தைத் திருப்பித்தர மறுக்கின்றன.
— வாசகர், அண்ணா நகர்

பதில்: விடுதி திறந்திருந்து, உங்கள் அறையும் காலியாகக் காத்திருந்தது என்றால் சேவைக் குறைபாடு என்று வழக்காடுவது கடினம். வேறு தேதிக்கு மாற்றித்தரக் கேட்டுப் பாருங்கள், பல விடுதிகள் அதற்கு இசைகின்றன. மின்சாரமோ தண்ணீரோ இல்லாமல் விடுதியே மூடியிருந்தால் பணம் உங்களுடையது. விமானத்தில் நீங்கள் ஏறவே இல்லை என்றாலும், டிக்கெட்டில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித்தர வேண்டும். கேட்காதவர்களே அதிகம் என்பதால் அந்தத் தொகை அங்கேயே தங்கிவிடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மணாலிக்கு அலையாமல் நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்.

கேள்வி: அடுத்த முறை நான்கு சக்கர இயக்கம் உள்ள பெரிய வண்டியில் போனால் பயமில்லைதானே?
— வாசகர், பெரம்பூர்

பதில்: பனியில் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் அது உதவும். பிரேக் போடும்போது நான்கு டயர்களும் எல்லா வண்டிகளையும் போலவே வழுக்கும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் ஊர்ந்து வாருங்கள். இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் உறைந்துவிடக்கூடும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

கேள்வி: ஊர் திரும்பிய பிறகு என் மாமனாரின் கால்விரல்கள் கருஞ்சிவப்பாக வீங்கி அரிக்கின்றன. தவிட்டு ஒத்தடம் கொடுக்கலாமா?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: வேண்டாம். குளிரில் சுருங்கிய சிறு இரத்தக் குழாய்களால் இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வழியில் டயர்ச் சங்கிலியை வாடகைக்குத் தருகிறார்கள். எல்லாச் சக்கரத்துக்கும் கட்ட வேண்டுமா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: இன்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றுக்குக் கட்டாயம் கட்ட வேண்டும், நம் குடும்பக் கார்களில் பெரும்பாலும் அவை முன் சக்கரங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போய், அதற்குப் பொருந்தும் சங்கிலியைக் கேளுங்கள். கட்டியபின் சைக்கிள் வேகத்தில் செல்லுங்கள், பனியில்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் டயரையே அறுத்துவிடும். சொந்தமாக வாங்குவதாக இருந்தால், புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் விசித்திரமாகத்தான் பார்ப்பார். விரல் மரத்த நிலையில், இருட்டில், பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது அந்தக் கொக்கியை முதன்முதலாகத் தேட வேண்டியிருக்காது.