புதன் முதல் செவ்வாய் வரை: கோள்களின் காந்தப்புலம் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: விண்வெளி வெற்றிடம்தானே, சூரியக் காற்று என்று எதைச் சொல்கிறார்கள்?

சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாலான வாயுவைத்தான். பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும். வேகம் நொடிக்கு 400 கி.மீ. அளவில் இருக்கும், சில வேளை இரண்டு மடங்காகும். பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில் சில துகள்களே இருக்கும். ஆனால் இந்தப் பிளாஸ்மா சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. கோள்களுக்கு நேர்வதில் இந்தப் புலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: வெள்ளி மெதுவாகச் சுழல்வதால்தான் அதற்குக் காந்தப்புலம் இல்லையா?

அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வெள்ளி ஒரு முறை சுழல 243 நாள் ஆகிறது, சரி. புதனுக்கும் 59 நாள் ஆகிறதே! ஆனாலும் புதனுக்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு. 1974-இல் மரைனர் 10 விண்கலம் அதைக் கண்டுபிடித்தது. காந்தப்புலம் உருவாக, கோளின் கருவில் உள்ள உருகிய உலோகம் மேலும் கீழும் புரள வேண்டும். அதற்குக் கரு போதிய வேகத்தில் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வெள்ளியில் அது நடக்கவில்லை என்ற விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

கேள்வி: காந்தக் கவசம் இல்லாவிட்டால் வளிமண்டலம் பறிபோகும் என்று படித்தேன். வெள்ளியில் மட்டும் எப்படி அவ்வளவு அடர்த்தி?

நல்ல கேள்வி. "கவசம்" என்ற எண்ணத்தையே கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர் வெள்ளியின் மேல் வளிமண்டலத்தை அயனியாக்குகிறது, அதாவது அங்குள்ள அணுக்களை மின்னூட்டம் பெறச் செய்கிறது. இப்படி உருவாகும் அயனி மண்டலம் மின்சாரத்தைக் கடத்தும். காந்தப்புலத்தோடு சூரியக் காற்று வந்து மோதும்போது அங்கே மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. புலக்கோடுகள் உள்ளே நுழைய முடியாமல் கோளின் முன்பக்கம் குவிந்து, இருபுறமும் வளைந்து, பின்னால் நீண்ட வாலாகின்றன. சொந்தப் புலம் இல்லாமலே ஒரு தடுப்பு உருவாகிவிடுகிறது.

கசிவு இல்லாமல் இல்லை. வாலின் வழியே ஹைட்ரஜன் அயனிகளும் ஆக்சிஜன் அயனிகளும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வெளியேறுவதை வெள்ளியைச் சுற்றிய வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் அளந்தது. தண்ணீரின் அதே விகிதம்! ஆனால் பூமியும் துருவங்களின் வழியே அயனிகளை இழக்கிறது, அதுவும் ஒப்பிடத்தக்க அளவில். செவ்வாயின் வளிமண்டலம் மெலிந்ததில் அதன் குறைந்த ஈர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. காந்தப்புலத்தை மட்டும் காரணம் காட்டும் கதை எனக்கு ஏற்புடையதல்ல.

கேள்வி: செவ்வாயில் திசைகாட்டி வேலை செய்யுமா?

செய்யாது. பழைய பாறைகளில் உறைந்த காந்தம்தான் மிச்சம், அதுவும் தென் அரைக்கோளத்திலேயே அதிகம். முள் இடத்துக்கு இடம் வேறு திசை காட்டும்.

கேள்வி: புதனின் புலம் பூமியுடையதில் நூற்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அதனால் என்ன பயன்?

புதனின் காந்தக்கோளம், அதாவது அதன் காந்தப்புலம் ஆளும் வெளி, சிறிதாக இருப்பதால்தான் அங்கே எல்லாம் வேகம். பூமியின் காந்தக்கோளத்தில் சூரியக் காற்றின் ஆற்றல் சேர்ந்து விடுபடும் சுழற்சி ஒரு மணி நேர அளவில் நடக்கும்; புதனில் அது இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. புலத்தின் மையமும் கோளின் மையத்திலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 480 கி.மீ. தள்ளியிருக்கிறது. அதனால் தெற்கே பாதுகாப்பு குறைவு. அடர்ந்த வளிமண்டலம் இல்லாததால் எலக்ட்ரான்கள் நேரே தரையில் மோதுகின்றன. அப்போது பாறை வெளியிடும் எக்ஸ் கதிர்களைப் புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் பதிவு செய்தது.

அந்தக் கலம் காந்தக்கோளத்துக்குள் இருந்த நேரத்தில், வெளியே சூரியக் காற்று எப்படி வீசியது என்று அளக்க அங்கே வேறு கலம் இல்லை. 2018-இல் புதனுக்குக் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலத்தில் இரண்டு சுற்றுக்கலன்கள் உள்ளன. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே இருக்கும் நேரங்களில் காரணத்தையும் விளைவையும் சேர்த்தே அளக்கலாம்.