வேலையின்மை 3.2 சதவீதம், பையனுக்கு மட்டும் வேலை இல்லையா?

அம்மா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறது அரசுக் கணக்கு. பி.இ. முடித்த உங்கள் மகனோ ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். கணக்கு பொய்யா, பையனிடம் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன்.

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை நடந்த தொழிலாளர் கணக்கெடுப்பில் வந்த எண் அது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி. சொந்த நிலத்தில் உழைக்கும் பெரியவரும், குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உட்காருபவரும் அதில் வேலையில் இருப்பவர்கள்தான். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் விகிதம் 10.2 சதவீதம். நம் நாட்டில் படித்தவர்களிடம் வேலையின்மை பொதுவாகவே கூடுதலாக இருக்கும். படிக்க வசதியில்லாதவர் கிடைத்த வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பட்டம் வாங்கியவர்தான் கொஞ்ச காலம் காத்திருக்கிறார். இனி செய்தி பார்க்கும்போது மொத்த விகிதத்தை விட்டுவிட்டு இளைஞர்களுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

அப்புறம், வேலையின்மை விகிதம் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். இந்த விஷயத்தில் அமெரிக்கக் கணக்கு தெளிவாக இருக்கிறது; அங்கே 2000 டிசம்பரிலிருந்து மாதாமாதம் காலியிடங்களைத் தனியாக எண்ணுகிறார்கள். 2022 மார்ச்சில் சுமார் 1.2 கோடி காலியிடங்கள், வேலை தேடியவர்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர். ஒருவருக்கு இரண்டு இடம்! 2024 முடிவதற்குள் காலியிடங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டன. ஆனால் வேலையின்மை 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியதோடு நின்றது. எப்படி? கம்பெனிகள் இருப்பவர்களைப் பெரிதாக வெளியே அனுப்பவில்லை. புதிதாக எடுப்பதைத்தான் குறைத்தன. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அடி விழுந்தது அப்போதுதான் படிப்பை முடித்து வந்தவர்களுக்கு.

நம் ஐ.டி. துறையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2021-22-ல் பெரிய நிறுவனங்கள் பிரெஷர்களை அள்ளிக்கொண்டு போயின. 2023-24 நிதியாண்டு முடிந்தபோது டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 60,000-க்கும் மேல் குறைந்திருந்தது. விலகிப் போனவர்களின் இடத்தைப் பெரும்பாலும் நிரப்பாமல் விட்டதே இதற்குக் காரணம். அந்த நேரத்தில் படிப்பை முடித்த பையனிடம் "உன் சீனியர்களுக்கெல்லாம் கேம்பஸிலேயே கிடைத்ததே" என்று சொல்லிக் காட்டாதீர்கள். அவர்கள் வந்த வருடம் வேறு.

வேலைவாய்ப்புத் தளங்களில் ஆயிரக்கணக்கில் விளம்பரம் இருக்கிறதே என்பீர்கள். ஒரே இடத்துக்கு நான்கு தளங்களில் நான்கு விளம்பரம் வரும். உடனே ஆள் தேவையில்லாமல் ரெஸ்யூமே சேர்த்து வைப்பதற்காகவே போடுவதும் உண்டு. விளம்பரம் எத்தனை என்று எண்ணுவதைவிட, "0–1 வருட அனுபவம்" என்று போட்டு கடந்த ஒரு வாரத்துக்குள் வந்தவற்றை மட்டும் மகனைத் தேடச் சொல்லுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும். அவனுக்கு இருக்கும் உண்மையான சந்தை அதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? பெரிய பெயருக்காக இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டாம். மந்தமான காலத்தில் வேலைக்கு வந்த கனடா பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. ஆரம்பத்தில் அவர்கள் சம்பளம் குறைவாகவே இருந்தது. அந்த இடைவெளி மறையச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. பலர் மீண்டது எப்படி என்றால், சின்ன இடத்தில் தொடங்கி, சந்தை தேறியதும் நல்ல நிறுவனத்துக்கு மாறித்தான். அதனால் துறைக்குப் பக்கத்தில் உள்ள டெஸ்டிங், சப்போர்ட், உற்பத்தி ஆலையில் டேட்டா வேலை எது வந்தாலும் சேரட்டும். முதல் சம்பளத்தைப் பற்றி உறவினர்கள் பேசுவார்கள், பேசட்டும்.

பட்டதாரிகளுக்கான தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தையும் பாருங்கள். உதவித்தொகையோடு ஓராண்டு வரை பயிற்சி. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, ஆனால் அனுபவம் என்ற கட்டத்தில் எழுத ஏதாவது இருக்கும். படித்து முடித்து வருடங்கள் ஓடிவிட்டால் இதில் சேர முடியாது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். எம்.இ. சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவனுக்கே ஆர்வம் இருந்தால் சேரட்டும். வேலை இல்லையே என்று நேரத்தைக் கடத்துவதற்காக என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பிளஸ் 2 படிக்கும் மகளுக்கு இந்த வருடம் எதில் காலியிடம் அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவள் வெளியே வர நான்கு வருடம் ஆகும். 2021-ல் கணினிப் படிப்பில் சேர்ந்தவர்கள் வெளியே வருவதற்குள் சந்தை எப்படி மாறியது என்று மேலே பார்த்தோம். எந்தப் பாடத்தை அவள் சலிக்காமல் படிக்கிறாள், அதை வைத்து இரண்டு மூன்று துறைகளுக்குள் போக முடியுமா, இந்த இரண்டையும் பாருங்கள்.

இன்னொன்று, வேலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது டெபாசிட்டோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால், ஆஃபர் லெட்டரையே கையில் கொடுத்தாலும் பணம் கட்டாதீர்கள்.