இரை எடுக்காத ஏஞ்சல் மீன்

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்பதற்காக, ஐந்து நாள்களுக்கு முன்பு இரண்டு ஏஞ்சல் மீன்களும், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியும் வாங்கினோம். அன்று மாலையே மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டுவிட்டோம். ஒரு மீன் சிறிது கொறிக்கிறது. மற்றொன்று ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கியே நிற்கிறது. எத்தனை முறை பெல்லட் போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு மதினி, போர் தண்ணீருக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகி, பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: முதலில் மகனுக்குத் தைரியம் சொல்லுங்கள். உடல் தேறிய மீன் ஒரு வாரம் இரையின்றி இருந்தாலும் பட்டினியால் இறந்துவிடாது. ஆனால், அது தின்னாமல் அடியில் தங்கும் பெல்லட் அழுகினால் அந்தத் தண்ணீரே அதற்கு எமனாகிவிடும். ஆகவே, தங்கிய இரையை இன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு நாள்களுக்கு அந்த மீனுக்கென்று எதையும் போடாதீர்கள்.

தாங்கள் எழுதியிருப்பதில் என்னைக் கவலைகொள்ள வைத்தது, தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விட்டதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் போதுமான அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா செவுள்களை அரிக்கும். செவுள் எரியும் மீனுக்கு இரையில் நாட்டம் வராது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் செவுள்களுக்குக் கெடுதிதான்.

அந்தத் தொட்டி ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும். தினமும் ஒரு வாளி, அதாவது சுமார் 12 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைச் சொன்ன அளவில் கலந்த புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவவே வேண்டாம்; எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இலேசாக அலசினால் போதும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். இதைவிடப் பெரிய உதவியை யாரும் அந்த மீனுக்குச் செய்துவிட முடியாது.

போர் தண்ணீருக்கு மாற்ற வேண்டாம். ஏஞ்சல் மீனின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப் படுகை. உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்னீர்தான் அதற்கு ஒத்துவரும். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக் குழாயில் வரும்போது அதை விட்டுவிடுவது நியாயமில்லை.

அடுத்தது அச்சம். கொறிக்கும் மீன் மற்றதை விரட்டுகிறதா என்று சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். விரட்டினால் நடுவில் ஒரு வலைத் தடுப்பு வையுங்கள். தொட்டியின் மூன்று பக்கங்களிலும் கறுப்புத் தாள் ஒட்டி, நீண்ட இலையுள்ள செடிகளை நட்டு, விளக்கைச் சில நாள்கள் அணைத்து வைத்தால் பயம் தெளியும். மகன் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் இரையை மாற்றிப் பாருங்கள். கடையில் என்ன போட்டு வளர்த்தார்கள் என்று விசாரித்து, அதையே முதலில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீந்தித் துடிக்கும் ஆர்டீமியாக் குஞ்சுகளைக் கொடுக்கலாம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் சிற்றுயிர்தான் அது. அதன் முட்டைகளை லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த நீரில் காற்றுக் குமிழ் விட்டு வைத்தால், ஒன்றரை நாளுக்குள் பொரியும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். சாக்கடையில் வளரும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் பரிந்துரைப்பதில்லை. அதனுடன் நோயும் வீட்டுக்குள் வந்துவிடும்.

கழிவு வெள்ளை நூல்போல் தொங்கினாலோ, வயிறு ஒட்டி நெற்றி மெலிந்தாலோ குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அப்போது தாமாக மருந்து கலக்காமல், மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறையினரிடமோ காட்டுங்கள். அடுத்த முறை மீன் வாங்கும்போது, கண் முன்னே இரை போடச் சொல்லி, பாய்ந்து வந்து கவ்வும் மீனையே கேட்டு வாங்குங்கள்.