அறுபது நாள் கடன்

ஐயா,

எனக்கு 29 வயது. பெங்களூரு ஐடி வேலையை விட்டுவிட்டு அம்மாப்பேட்டைக்கே வந்துவிட்டேன். ஏற்காடு தோட்டக்காரர்களிடம் காபிக் கொட்டை வாங்கி, வறுத்து அரைத்து, 'சேர்வராயன்' என்ற பெயரில் விற்கலாம் என்று திட்டம். சேமிப்பு 8 லட்சம். கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட் மாதம் 2 லட்சத்துக்குச் சரக்கு கேட்கிறது, 60 நாள் கடனில். நண்பன் பாதிப் பங்குக்கு வருகிறான், ஆனால் வேலையை இப்போதைக்கு விடமாட்டானாம். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்துவிடலாமா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத வருடத்திலும் ஆடிட்டருக்கு அழவேண்டும். உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது அந்தக் கோவை ஆர்டர்தான். நீங்கள் அதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் ஆறு வருடம் அட்டைப் பெட்டி செய்து விற்றவன் நான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தார். 60 நாள் என்றார், 90 ஆனது, அப்புறம் 120. பேப்பர் தருகிறவருக்குக் கையில் காசு வைக்கவேண்டும், சனிக்கிழமை கூலி தரவேண்டும். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருந்தது. வீட்டில் நகை இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் லோடுக்குப் பணம் வருகிற நாளில் மூன்றாவது லோடு கிளம்பியிருக்கும். 6 லட்சத்துச் சரக்கு வெளியே நிற்கிறது, அதுவும் அவர்கள் சொன்ன நாளில் கொடுத்தால். ரோஸ்டர், அரவை மெஷின், இடத்துக்கு அட்வான்ஸ் எல்லாம் போக 8 லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும்? மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் முக்கியமான அறுவடை. தோட்டக்காரர் ரொக்கம் கேட்பார். வருடத்துக்கான கொட்டையை அந்த மூன்று மாதத்தில் வாங்கப் பணம் தேவைப்படும்போது அது கோவையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, சேதாரம். நம் ஊர் கொலுசுப் பட்டறையில் சேதாரம் பேசாமல் யாரும் வெள்ளியைக் கையில் வாங்குவதில்லை. காபிக்கும் அது உண்டு. நூறு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் எண்பது, எண்பத்தைந்து கிலோதான் நிற்கும். நீங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குச் சொன்ன விலையில் இது இருக்கிறதா?

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, உத்யம் என்பார்கள், அதை இன்றே செய்யுங்கள். அது இலவசம், ஏஜெண்டுக்குப் பணம் தராதீர்கள். 2006ஆம் வருடச் சிறு தொழில் சட்டப்படி, பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், ஒப்பந்தத்தில் 60 என்று எழுதியிருந்தாலும். தாமதித்தால் வட்டி உண்டு. வருமான வரியிலும், தாமதித்த தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கடைக்காரர்கள் செலவாகக் காட்டமுடியும். அதனால் அவர்களுடைய கணக்குப்பிள்ளை காதில் இது விழும். சட்டத்தைக் காட்டி முதல் ஆர்டரிலேயே சண்டை போடச் சொல்லவில்லை. மாதம் 50 ஆயிரத்துக்குச் சரக்கு, 15 நாளில் பணம், விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் காபி குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்குவார்கள்.

நண்பர் விஷயம். சம்பளமும் வாங்கிக்கொண்டு பாதிப் பங்கும் கேட்கிறார். வறுக்கிற புகையில் நிற்கப்போவது நீங்கள். அவர் போடும் பணத்தைக் கடனாக வாங்கி எழுதிக்கொடுங்கள். பங்கை அவர் வேலையை விட்டு வந்த பிறகு பேசலாம். கோபித்துக்கொண்டால், இப்போதே கோபித்துக்கொண்டது நல்லது.

'சேர்வராயன்' நல்ல பெயர்தான். ஆனால் மலையின் பெயர், ஊரின் பெயர் இதையெல்லாம் தனக்கு மட்டும் என்று டிரேட்மார்க் வாங்குவது கஷ்டம். பதிவேட்டில் தேடிப் பார்க்கும்வரை கவரை ஆயிரக்கணக்கில் அச்சடிக்காதீர்கள். வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம். சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று அந்த ஸ்டிக்கரிலேயே போடவேண்டும், மறந்துவிடாதீர்கள்.