சீவிய உரித்து

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்புக் கல்லடிப் பொடியன். எட்டு வருடமாக டோஹாவில் வேலை. கல்லடியில் பத்துப் பேர்ச் காணி வாங்குவதா, கொழும்பில் ஒரு அப்பார்ட்மென்ட் எடுப்பதா என்று மண்டையைப் போட்டு உடைக்கிறேன். 2050இல் உலக மக்களில் 68 வீதம் பேர் நகரங்களில்தான் இருப்பார்கள் என்று ஐ.நா. 2018இல் சொன்னது. நூறு வயது வாழ்வதும் சாதாரணமாகிவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் காணி விலை ஏறிக்கொண்டேதானே போகும்? தங்கச்சிக்கு அடுத்த மாதம் கலியாணம், எங்கட வீட்டை அவளுக்கு எழுதுகிறோம். எனக்கென்று ஒன்று வேண்டும். உங்கள் அபிப்பிராயம் என்ன?

ஒரு வாசகன், டோஹா

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கல்லடி வந்தது, கொழும்பு வந்தது, 2050 வந்தது. அம்மா வரவில்லை. "வீட்டை எழுதுகிறோம்" என்கிறாய். எழுதினபிறகு அம்மா எந்த அறையில் படுப்பார்?

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன். ஆயுள் நீண்டால் விலை ஏறும் என்று யார் சொன்னது? ஜப்பானில் சராசரி ஆயுள் 84. அங்கே 2023இல் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. கிழவர்கள் கூடிப் பிள்ளைகள் குறைந்தால் வீடு மிஞ்சும். நம் நாடும் அந்தப் பாதையில்தான் போகிறது. 68 வீதக் கதையை விடு. 2012 கணக்கெடுப்பில் இலங்கையின் நகர மக்கள் 18 வீதம்தான். மாநகர சபையோ நகர சபையோ இருந்தால்தான் இங்கே நகரம். களுவாஞ்சிகுடி பிரதேச சபை என்பதால் அது கணக்கில் கிராமம். கல்லடியில் வாங்குவதென்றால் மார்கழி மழையில், வாவி வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவார்களா மாட்டார்களா என்று சனம் பார்த்திருக்கும் நாளில் வந்து, அந்தக் காணியில் நின்று பார். பிறகு வாங்கு. இவ்வளவுதான்.

இனி அம்மாவின் கதை.

1946இல் இந்த நாட்டின் சராசரி ஆயுள் 43 அளவில் இருந்தது. டீடீடீ பூச்சிமருந்து அடித்தார்கள், மலேரியா விழுந்தது, ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரியும் மருத்துவிச்சியும் வந்தார்கள். இன்று 76ஐத் தாண்டிவிட்டது; பெண்களுக்கு 80 அளவில். அந்த 43 குழந்தைச் சாவுகளையும் சேர்த்த சராசரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் இருக்கிற காலம் அன்று பொதுவாகக் குறைவு. இன்று முப்பது வருடம், அதற்கு மேலும். நம் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டை மகளுக்குத்தான் கொடுக்கிறோம். தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன முக்குவர் சட்டம் வழக்கொழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, வழக்கம் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம். பெண் தன் வீட்டில் வாழ்கிறாள், மாப்பிள்ளைதான் வந்து சேருகிறான். அந்த அருமை எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் ஆயுள் ஏறக்குறைய இரட்டித்தபிறகும் பழைய உறுதிப் பத்திரத்தையே பார்த்து எழுதுகிறோமே, அதுதான் என் கோபம்.

என் அம்மம்மா வீட்டைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தபோது அவருக்கு 47 வயது. அதற்குப்பிறகு 40 வருடம் இருந்தார். குசினிக்குப் பக்கத்துச் சாய்ப்பில் ஒரு பாய், ஒரு றங்குப்பெட்டி, வெற்றிலை வட்டா. பெரியம்மா கெட்டவரில்லை, சோறு ஒருநாளும் பிந்தியதில்லை.

1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்தது. விடிந்து பார்த்தால் வளவு முழுக்கத் தென்னைகள் சரிந்து கிடக்கின்றன. எல்லாம் அம்மம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த கன்றுகள். சேற்றில் நூற்றுக்கணக்கில் தேங்காய், எடுக்க ஆளில்லை. அம்மம்மா ஒன்றைத் தூக்கினார், சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்தார், பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றார்.

"புள்ள, இதில ஒரு தேங்கா எடுக்கட்டா?"

பெரியம்மா ஓவென்று அழுதுவிட்டார். யாரும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை, தம்பி. உறுதி கைமாறிய நாளிலிருந்து அவர் தானாகவே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்.

இதற்கு ஒரு வரி போதும். நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ, தாய் தன் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொண்டு எழுதலாம். வீடு தங்கச்சிக்குத்தான். அம்மா கண்ணை மூடும்வரை அங்கே இருக்கவும் அதன் பலனை எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. யாருக்கு விற்றாலும் அந்த உரிமை நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் "வில்லங்கமில்லாத உறுதி" கேட்பார்கள். பாங்க் கடன் எடுக்கேலாது என்பார்கள். கேட்கட்டும். பெற்ற தாயை வில்லங்கம் என்று சொல்லுகிற வாய்க்கு நீ ஏன் பயப்படுகிறாய்? எட்டு வருடம் பாலைவன வெயிலில் நின்றவனுக்கு இந்த ஒரு வரிக்காக வாய் திறக்கத் தைரியமில்லையா?

பிறகு பார்க்கலாம் என்று சொல்லாதே. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பெரும் நன்றிகேட்டை நிரூபித்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நன்கொடையை ரத்துச் செய்விக்கலாம். 2000ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கவும் சபை இருக்கிறது. இருந்தென்ன? பெற்ற மகளைக் கோட்டுக்கு இழுக்கிற தாயை நம் ஊரில் நீ கண்டிருக்கிறாயா? என் அம்மம்மா ஒரு தேங்காய்க்கே படியில் வந்து நின்றவர்.

அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியென்றால் முறை வேறு. அதைப் பிரதேச செயலகத்தில் கேள்.

இன்றைக்கே உறுதி எழுதும் நொத்தாரிசின் வரைவை வாட்ஸ்அப்பில் எடு. அம்மாவின் பெயர் வருகிற இடத்தில் சீவிய உரித்து என்ற சொல் இருக்கிறதா பார். இல்லையென்றால் முதலில் தங்கச்சியோடு பேசு, மாப்பிள்ளையோடு பிறகு பேசலாம். அவளுக்கு விளங்கும், நாளைக்கு அவளும் ஒரு மகளுக்கு எழுதப்போகிறவள். பத்துப் பேர்ச் அடுத்த வருடமும் வாங்கலாம்.

அன்புடன்,
அக்கா