முயல் நேற்று சாயங்காலத்திலிருந்து சாப்பிடவில்லை. டாக்டரிடம் போகணுமா, இன்னொரு நாள் பார்க்கலாமா?

இன்றைக்கே கொண்டு போங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே ஒரு டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டால் இன்னும் நல்லது.

நீங்கள் எழுதியிருப்பது இது: ஒன்றரை வயது முயல், நேற்று சாயங்காலம் வைத்த புல்லைத் தொடவில்லை, ராத்திரி முழுக்க ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் காதைத் திருப்புகிறது, கண் தெளிவாக இருக்கிறது, அதனால் நாளை வரை பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு வேளை சாப்பிடாத நாயைப் பற்றிக் கேட்டிருந்தால் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். முயல் விஷயத்தில் அந்த அவகாசம் கிடையாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்துவிட்டால் அடுத்த தடவை நீங்களே முடிவெடுப்பீர்கள். முயலின் குடல் இரவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியது. நார்ச்சத்துதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. சாப்பாடு உள்ளே போவது நின்றால் குடல் மெதுவாகும், உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி. வலி வந்தால் முயல் இன்னும் சாப்பிடாது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கிற சுழல் இது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, வயிற்றில் சேர்ந்தது மேலே வர வழியில்லை. பட்டினி நீண்டால் உடம்பில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிய ஆரம்பிக்கும். குண்டான முயலுக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால்தான் முயல் பார்க்கிற டாக்டர்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று ஒரு கோடு போடுகிறார்கள். அதற்குள் எதுவும் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர கேஸ். உங்கள் முயல் அந்தக் கோட்டை ராத்திரியே தாண்டிவிட்டது.

"கூப்பிட்டால் பார்க்கிறது" என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்டில் நரிக்கும் கழுகுக்கும் இரையாகிற இனம் இது. நோஞ்சானாகத் தெரிகிற முயலைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போகும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். நன்றாகத் துவண்டு படுத்துவிட்டது என்று நம் கண்ணுக்குத் தெரியும்போது நிலைமை ரொம்ப தூரம் போயிருக்கும். ஆகவே முயலின் முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்ன சாப்பிட்டது, என்ன புழுக்கை போட்டது, இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போதே புழுக்கையைப் பார்த்துவிடுவோம். ஆரோக்கியமான முயலின் புழுக்கை ஏறக்குறைய ஒரே அளவில், உருண்டையாக, காய்ந்து, விரலால் நசுக்கினால் உள்ளே புல் நார் தெரிகிற மாதிரி இருக்கும். அளவு திடீரென்று சின்னதாகிப் போனால், சொட்டை விழுந்தது போல் கோணலாக வந்தால், எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால், குடல் மெதுவாகிறது என்று அர்த்தம். சாப்பாடு குறைந்ததை நாம் கவனிப்பதற்கு முன்பே பல சமயம் இது தெரிந்துவிடும். முடியில் கோத்த மணி மாதிரி ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு வந்தால் அதிகமாக முடியை நக்கி விழுங்கியிருக்கிறது, புல்லும் தண்ணீரும் கூட்டிப் பார்க்கலாம். இன்னொரு வகை உண்டு: கருப்பாக, பளபளப்பாக, திராட்சைக்கொத்து போல மெத்தென்று இருக்கும். அது வயிற்றுப்போக்கு இல்லை. முயல் தானே திரும்ப எடுத்துச் சாப்பிட வேண்டிய சத்து அது. சாப்பிடாமல் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இனிப்பும் தீவனமும் அதிகம் என்று அர்த்தம், அதற்காக ராத்திரியில் ஓட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீராகப் போனால் அது வேறு. அதுவும் சந்தையில் வாங்கி வந்த சின்னக் குட்டிக்குத் தண்ணீராகப் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. காக்சிடியா என்கிற ஒட்டுண்ணி குட்டிகளை அப்படித்தான் அள்ளிக்கொண்டு போகிறது.

சாப்பாட்டைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அதற்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் முயல் மிளகுக்குக் கொத்தமல்லி. கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே அடுத்த அறையிலிருந்து ஓடி வந்துவிடும். ஒரு நாள் ராத்திரி அதேபோல வந்தது, முகர்ந்தது, ஒரு இலையை வாயில் எடுத்தது, இரண்டு தடவை மென்றது, கீழே போட்டுவிட்டது. இலையை எடுத்துப் பார்த்தேன், பாதி மடிந்து, எச்சிலில் ஊறிக் கிடந்தது. தாடைக்குக் கீழே தடவினால் முடி ஈரம். "ராத்திரி நேரத்துல எங்கம்மா போறது, காலைல பாத்துக்கலாம்" என்றார் மாமனார். தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டு நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். "பசி இருக்கு, மெல்ல முடியல. பல்லுதான். இப்பவே எடுத்துட்டு வாங்க" என்றார். காதுக்குள் பார்க்கிற விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று முள் மாதிரி உள்பக்கமாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலுக்கு எல்லாப் பற்களும் ஆயுள் முழுக்க வளரும், முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். புல்லைக் கடித்து அரைத்தால்தான் தேயும். வலிக்கும் நீர்ச்சத்துக்கும் அன்றே மருந்து கொடுத்து, மறுநாள் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்த்து அனுப்பினார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சாப்பிடாமல் இருப்பது பெரும்பாலும் ஒரு அறிகுறிதான். பின்னால் பல் இருக்கலாம், சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம், பயம் இருக்கலாம், வெயில் இருக்கலாம், விழுங்கிய துணி நூல் குடலை அடைத்திருக்கலாம். இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அருகே வந்து முகர்ந்துவிட்டு விடுகிறதா, எழுந்தே வரவில்லையா என்கிற வித்தியாசத்தை மட்டும் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது பாதி விடை.

ஒரு வேளை புல்லைத் தொடவில்லை, ஆனால் பிடித்ததைச் சாப்பிடுகிறது, புழுக்கை வருகிறது, நடமாட்டம் இருக்கிறது என்றால் மூன்று, நான்கு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம். பிடித்ததையும் மறுத்தால் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள். முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று சத்தமாகக் கடித்தால் அது வலி. தடவிக் கொடுக்கும்போது மெல்லிதாகப் பல் உரசுகிறதே, அது சந்தோஷம். இரண்டுக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கடிகாரமே பார்க்காமல் கிளம்ப வேண்டிய நிலைமைகளும் உண்டு. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது திணறுகிறது. வயிறு மத்தளம் மாதிரி உப்பி இறுகியிருந்தால், காது ஜில்லென்று ஆகி உடம்பு துவண்டால், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டால், பின்னங்கால் இழுத்துக்கொண்டால், முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், உடனே போக வேண்டும். பின்பக்கத்து ஈர முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து உயிரோடு தோலை அரிக்கும். மழைக்காலத்தில் தினமும் புரட்டிப் பாருங்கள். ஒரு புழு தெரிந்தாலும் அவசரம்தான்.

சென்னை, மதுரை, வேலூர்க்காரர்களுக்கு வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். முயலுக்கு வியர்க்காது, சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம், கத்திரி வெயிலில் மொட்டை மாடிக் கூண்டில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. காது சிவந்து கொதித்து, மூக்கைச் சுற்றி ஈரமாகி, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தால், உடனே நிழலான தரையில் போட்டு, சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்து, ஃபேன் போட்டு, அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

பயமுறுத்துகிற மாதிரி இருந்தும் அவசரமில்லாதவையும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போவது பல சமயம் தீவனத்து நிறமிதான். வெள்ளையாகக் கலங்கலாகப் போவது கால்சியம். முயல் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். ஆனால் கருத்தடை செய்யாத, மூன்று நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல் என்றால் நிறமி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், அந்த வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோய் அவற்றுக்கு மிகவும் சகஜம். மூக்கு நுனியிலும் காது ஓரத்திலும் பாதத்திலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவது சொறி. எடை பார்த்து டாக்டர் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியில் நன்றாகவே குணமாகும், அந்த வாரத்துக்குள் போனால் போதும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உடம்பு ஜில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரும் புல்லும் முன்னால் இருக்கட்டும். வயிறு இறுகியிருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் சிரிஞ்சில் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அடைப்பு இருந்தால் ஆபத்து கூடும். வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலினைக் கொடுக்கவே கூடாது. வாய்வழியாகப் போகிற பென்சிலின் வகை மருந்துகள் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து முயலையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்காகப் போடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. பாட்டி வைத்தியமாக ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

எந்த டாக்டர் என்பதும் முக்கியம். நம் ஊர் கிளினிக்குகளில் நாயும் பூனையும்தான் அதிகம் வரும். போனிலேயே "முயல் பார்ப்பீங்களா, அடிக்கடி வருதா?" என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் முயலை ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொல்கிறவரிடம் நான் போக மாட்டேன். வாந்தி எடுக்காத பிராணிக்குப் பட்டினி தேவையில்லை, கெடுதல்தான். யாரும் கிடைக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னையில் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வரிசையில் நின்றாலும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கொண்டு போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கையைப் பின்னங்காலுக்கு அடியில் கொடுங்கள். பயத்தில் உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். துண்டு விரித்த கூடையில் வைத்து ஆட்டோவில் போங்கள், பைக் வேண்டாம்.

ஊசி போட்டு வீட்டுக்கு வந்ததும் உடனே பாய்ந்து சாப்பிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சின்னச் சின்னதாக, கோணலாக நாலு புழுக்கை வரும், பிறகுதான் வாய் திறக்கும். டாக்டர் சொன்ன அளவில் கரைத்த தீவனத்தைச் சிரிஞ்சில் பக்கவாட்டாக, மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தானாகப் புல் தின்ன ஆரம்பித்த பிறகும் வலி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரி முழுக்க ஒரு புழுக்கைகூட வராவிட்டால், அல்லது வயிறு உப்பினால், மறுநாள் அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் அதே டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.